பழைய பிரதியை அழித்துவிடாதீர்கள்

'பட்டியல்', 'பட்டியல் இறுதி', 'பட்டியல் இறுதி திருத்தியது', 'இதுதான் இறுதி'. பலர் கூடி ஆவணம் திரட்டும் எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் இத்தகைய பெயர்கள்தாம் கண்ணிற் படுகின்றன. எது முந்தியது, யார் திருத்தியது, ஏன் திருத்தியது என்று கேட்டால் விடை சொல்வாரில்லை. மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்த பின்னர் ஊர்ப்பெயர், குடும்ப வரலாறு, பழைய புகைப்படம் என்று சேகரிப்போர் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் சேர்ப்பதில் உள்ள ஆர்வம், சேர்த்ததைத் திருத்தும் முறையில் இல்லை.

கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் பார்க்கக் கிடைத்தது. தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும், தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றும் இருப்பது மலைநாட்டாருக்குத் தெரிந்ததே. வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர் அக்கோப்பைத் தம் கணினியில் இறக்கி, தமிழ்ப் பெயர்களைப் பிழையெனக் கருதி நீக்கி, பகிர்வுக் கோப்புறையில் இருந்த பழையதை அழித்துவிட்டுத் தம்முடையதை ஏற்றிவிட்டார். நல்லெண்ணந்தான். ஆயினும் லயத்து முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பெயர்கள் ஒரே இரவில் போயின. யாரோ ஒருவருடைய பென்டிரைவில் பழைய பிரதி கிடந்ததால் பிழைத்தோம்.

எழுத்தொன்று மாறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று மற்றவர்கள் கேட்கலாம், மலையகத்தார் கேட்கமுடியாது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்படி, தொடர்ச்சியாக இங்கேயே வாழ்ந்ததைச் சான்று காட்டி மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர்தாம். கணக்கப்பிள்ளை காதால் கேட்டு செக்ரோலில் ஒருவிதமாகவும், பதிவாளர் பிறப்புச் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் எழுதிய பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இம்மக்களைத் துரத்தி வந்தன. சேமலாப நிதியைப் பெறப்போன இடத்தில், பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். இங்கே எது சரியான எழுத்து என்பதைவிட, எந்த எழுத்து எப்போது, யாரால் எழுதப்பட்டது என்பதே பெரிய கேள்வி. அதற்கு விடை பழைய பிரதிகளில் மட்டுமே இருக்கிறது.

இதற்கு வழி புதிதன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரைக்கும் 'வரலாறு' என்றொரு பக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடும் பயனர் பெயரோடும் அங்கே நிற்கிறது. இரண்டு பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். தேவையானால் முந்தியதை மீட்கலாம். 2005இல் ஈழத்து நூல்களைப் பாதுகாக்கத் தொடங்கிய 'நூலகம்' தளமும் இதே மீடியாவிக்கி மென்பொருளைக் கையாண்டது. (நிரலாளர்கள் தம் பிரதிகளைக் காக்கும் 'கிட்' பிறந்ததும் அதே 2005இல்தான்.) திருத்தத்தைச் சேமிக்குமுன் 'சுருக்கம்' என்றொரு சிறு பெட்டி இருக்கும், பெரும்பாலோர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 'இன்னாரின் பாட்டி சொன்னபடி மாற்றினேன்' என்று நாலு சொல் எழுதினால் கை தேய்ந்துவிடுமா? பத்திரிகை ஆசிரியபீடத்தில் ஒப்புநோக்குநர் ஒவ்வொரு படியிலும் கையொப்பமிடாமல் அடுத்த மேசைக்குத் தள்ளமாட்டார்.

கூகுள் டிரைவைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதன் சொந்த 'டாக்ஸ்' கோப்புகளுக்குப் பெயரிட்டுப் பிரதிகளை வைக்கலாம். ஆனால் நாம் ஏற்றும் வேர்ட், பிடிஎஃப் கோப்புகளின் பழைய பிரதிகள், 'எப்போதும் வைத்திரு' என்று குறிக்காவிட்டால், 30 நாளில் அல்லது 100 பிரதிகளைத் தாண்டியதும் நீங்கக்கூடும். திருத்திய கோப்பைப் புதிய பிரதியாக ஏற்றுவது ஒன்று. பழையதை அழித்துவிட்டு வேறு கோப்பாக ஏற்றுவது முற்றிலும் வேறு. பின்னதில் வரலாறே அறுந்துவிடும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவோரும் மூலத்தை அப்படியே விட்டுவைக்கவேண்டும். மாற்றியில் ஓரெழுத்து சிதைந்தாலும் ஒப்பிட அதுவே துணை.

எல்லாவற்றையும் காத்தால் ஆபத்தில்லையா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். ஆபத்து உண்டு. அடையாள அட்டை இலக்கமொன்றை யாராவது பட்டியலில் இட்டு, மறுநாள் நீக்கினாலும் முந்திய பிரதியில் அது அப்படியே இருக்கும். விக்கியில் நிர்வாகி தலையிட்டு மறைத்தாலொழிய எவரும் அதைப் பார்க்கலாம். ஆகவே குடும்பங்களின் அடையாள இலக்கங்களும் தொலைபேசி எண்களும் முதலிலிருந்தே வேறொரு கோப்பில், இருவர் மூவர் மட்டுமே திறக்கும்படி இருக்கட்டும். பொதுப் பட்டியலுக்குத் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் போதும், அவை எத்தனை விதமாக வழங்கினாலும் அத்தனை விதமும்.