கால் தளர்ந்தாரும் கடல் காணட்டும்

பாடசாலை விடுமுறை அண்மிக்கும்போது எம் இல்லங்களிற் பிரயாணப் பேச்சு எழுகின்றது. எவ்வூருக்குச் செல்வது, எத்தனை நாள் தங்குவது, கட்டுச்சோறு எத்தனை பேருக்கு என்றெல்லாம் கணக்குப் பார்க்கின்றனர். அப்பேச்சின் நடுவே, விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கும் அம்மம்மா, "நீங்கள் எல்லாரும் சந்தோஷமாய்ப் போட்டு வாங்கோ பிள்ளையள், நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்கிறார். பிள்ளைகளும் அதை அவரது விருப்பமென்றே எடுத்துக்கொள்கின்றனர். வீட்டுக்கு நல்ல காவல் கிடைத்ததென்று உள்ளூர மகிழ்வாரும் உளர்.

அது மெய்யாகவே விருப்பந்தானா என்பதை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். முழங்கால் வலியுடையவர் கடலைக் காண விரும்பாதவர் அல்லர். படியேற முடியாமல் நடுவழியில் நிற்க நேருமோ, பிறர் தம்மைத் தூக்க நேருமோ, போன இடத்தில் மலசலகூடம் எப்படியிருக்குமோ என்னும் அச்சமே அவரை வீட்டில் இருத்துகின்றது. தம்மால் இளையோரின் உல்லாசம் கெடலாகாது என்னும் அன்பும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. இவ்வாறு ஒதுங்குவோர் முதியோர் மட்டுமல்லர். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தோர், நீரிழிவினாற் காலை இழந்தோர், போரிலும் கண்ணிவெடியிலும் உறுப்பிழந்த இளைஞரும் யுவதியரும் எம் ஊர்கள்தோறும் வாழ்கின்றனர். இவர்களுக்குப் பிரயாணம் மறுக்கப்படுவது பெரும்பாலும் உடற்குறையினால் அன்று, முன்யோசனைக் குறைவினாலேயாம்.

முதலில் இடத்தைத் தெரிவு செய்வதைக் கவனிப்போம். எமது தீவிற் பேர்பெற்ற இடங்கள் சில உயரத்தில் அமைந்தவை. சிகிரியாக் குன்றின் உச்சியை அடைய ஏறத்தாழ 1,200 படிகள் ஏறவேண்டும். சிவனொளிபாத மலைக்கோ 5,000 படிகளுக்கும் மேல். இவற்றையே எண்ணிக்கொண்டு, "அம்மாவை எங்கே கூட்டிச் செல்வது?" என்று கேட்பார் பலர். தீவென்பது மலையுச்சி மட்டுமன்றே! சுற்றிவரக் கடல் இருக்கின்றது. கடல் எப்போதும் தாழ்ந்த நிலத்திலேயே இருக்கின்றது.

மட்டக்களப்புக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பாசிக்குடாவை எடுத்துக்கொள்வோம். வளைந்த அக்குடாவைப் பவளப்பாறைத் தொடர் காப்பதனால் அலை அடங்கியே கரைக்கு வருகின்றது. கரையிலிருந்து நெடுந்தூரம் உட்சென்றாலும் நீர் ஆழமாவதில்லை. யாழ்ப்பாணத்தவர்க்குக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை இத்தகையதே. பொன்னாலைப் பாலத்தின் வழியாக வாகனத்திலேயே அத்தீவை அடையலாம், படகேற வேண்டியதில்லை.

காலத்தையும் கவனித்தல் வேண்டும். கிழக்குக் கரையிற் கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாயிருக்கும். ஆதலின் ஆகஸ்ட் விடுமுறைக்கு அப்பக்கம் ஏற்றது. டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் அலையையும் அங்கே கொணர்கின்றது. அப்போது தெற்கு, தென்மேற்குக் கரைகளே நன்று.

இனிக் கடலின் பெருங்கொடை ஒன்றைக் கூறுவோம். மாணவர் பௌதிகவியலிற் படிக்கும் ஆர்க்கிமிடீசின் விதி அம்மம்மாவின் முழங்காலுக்கும் பொருந்தும். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடற்பாரத்தின் ஏறத்தாழ அரைவாசியையே தாங்குகின்றன. மார்பளவு நீரில் மூன்றிலொரு பங்கு அளவே தாங்குகின்றன. தரையிற் பத்தடி நடக்க வருந்துபவர், அலையற்ற நீரிற் பேரப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கவும் சில அடி நடக்கவும் கூடுவது இதனாலேயே. இரு பக்கமும் வலுவுள்ள இருவர் நிற்றல் வேண்டும். பவளத்துண்டு குத்தாதவாறு காலில் இறப்பர்ச் செருப்பு இறுகப் பூட்டியிருத்தல் வேண்டும். ஆறாத புண்ணோ இருதய நோயோ உள்ளவர் வைத்தியரைக் கேட்ட பின்னரே நீரில் இறங்குதல் வேண்டும். இவை அமைந்தால் அந்த அரை மணித்தியாலம் ஓராண்டு மருந்தெண்ணெய் தராத மகிழ்ச்சியைத் தரும்.

ஆயின் மணலைக் கடப்பது எங்ஙனம்? சக்கர நாற்காலியின் ஒடுங்கிய சில்லுகள் உலர்ந்த மணலிற் புதையும். முன்னோக்கித் தள்ளினால் சிறிய முன்சில்லுகள் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றுவிடும். நாற்காலியைத் திருப்பி, சற்றே பின்சாய்த்து, பின்னோக்கி இழுத்தால் பெரிய சில்லுகள் வழிவிடும். இரண்டு பலகைகளை எடுத்துச் சென்று, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி இடுவது இன்னும் இலகு. நீரோரத்து ஈரமணல் இறுகியிருப்பதனால் அங்கே சில்லு நன்றாக ஓடும். ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலுலு நகரிற் சில கடற்கரைகளில், அகன்ற காற்றடைத்த சில்லுகள் பூட்டிய கடற்கரை நாற்காலிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எம் கடற்கரைகளிலும் இவை பரவுதல் வேண்டும். அதுவரை பலகை இரண்டும் பேரன் இருவரும் போதும்.

தங்குமிடத்தைப் பற்றித் தொலைபேசியில் விசாரிக்கும்போது, "நடக்க இயலாதவருக்கு வசதி உண்டா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. "உண்டு, உண்டு" என்றே விடை வரும். எண்ணாற் கேட்டல் வேண்டும். வாயிலில் எத்தனை படி? அறை கீழ்த்தட்டிலா? வாகனம் அறை வாயில்வரை வருமா? கதவின் அகலம் எத்தனை அங்குலம்? சக்கர நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 25 முதல் 27 அங்குலம் வரை இருக்கும். கைகள் உரசாமற் செல்லக் கதவு 32 அங்குலமாவது திறத்தல் வேண்டும். மலசலகூடம் குந்தியிருப்பதா, கொமட் உள்ளதா? பிடித்தெழச் சுவரிற் கம்பி உண்டா? குளிக்கும் இடத்துத் தரை வழுக்குமா? கேட்டுத் தெளிவதில் வெட்கம் வேண்டியதில்லை. கூடுமாயின் அவ்வாயிலின் படமொன்றைக் கைத்தொலைபேசியில் அனுப்பச் செய்து பார்த்துக்கொள்வது இன்னும் நன்று.

படியொன்றுக்குச் சரிவுப்பாதை அமைப்பதும் எளிய கணக்கே. உயரத்துக்குப் பன்னிரு மடங்கு நீளம் வேண்டும் என்பது பொதுவிதி. ஆறங்குலப் படிக்கு ஆறடிப் பலகை. ஹோட்டல்காரர் இதைச் செய்யாதிருப்பது செலவினால் அன்று; எவரும் கேளாமையினாலேயே எனலாம்.

கேட்பது இரந்து பெறுவதும் அன்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடத்துக்கோ இடத்துக்கோ அவர்கள் செல்வதை உடற்குறை காரணமாகத் தடுத்தலாகாது என்று விதித்துள்ளது. 2006 ஆம் ஆண்டில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வெளியாயின. 2011 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும் இவ்விதிகளைப் பேணுமாறு கட்டளையிட்டது. 2016 ஆம் ஆண்டில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை உறுதிசெய்தது. ஏட்டில் உள்ள இவ்வுரிமைகள் வாயிற்படிக்கு வந்து சேர்வது, குடும்பம் குடும்பமாகச் சென்று நாம் கேட்பதனாலேயே.

எம் மக்களின் பிரயாணத்திற் கோயில் தரிசனமும் சேர்ந்தே இருக்கும். நயினாதீவுக்குச் செல்வோர் குறிகட்டுவான்வரை வீதிவழியே செல்லலாம், அதன்பின் படகு. இறங்குதுறையிலிருந்து ஆடும் படகுக்குட் காலெடுத்து வைக்கும் அந்த ஓர் அடியே முதியோர்க்குப் பெருந்தடை. திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்து, காற்றுக் குறைந்த வேலைநாட் காலையிற் சென்று, படகோட்டிகளிடம் முன்னதாகவே சொல்லிவைத்தால் அவ்வடி இலகுவாகும். திருகோணமலையிற் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் ஏற்றமும் படிகளும் உள. மலை ஏற இயலாதவர் கோட்டைக்குள் உலாவும் மான்களை வாகனத்திலிருந்தவாறே காணலாம். கடற்கரையில் அமர்ந்து, சுவாமி மலையை நோக்கிக் கைகூப்பலாம். ஏழு கிணறுகள் கொண்ட கன்னியா வெந்நீரூற்றும் அண்மையிலேயே உள்ளது. ஏறாதவர் ஒன்றும் காணாதவர் என்று நினைப்பது தவறு.

உடல்நலம் பற்றியும் சில சொல்லவேண்டும். நீரிழிவினாற் கால் மரத்துப்போனவர்க்குச் சூடு தெரியாது. நண்பகல் மணலிலும் கோயில் வெளிவீதியிலும் அவர் வெறுங்காலோடு நடந்தால், கொப்புளம் எழும்பிய பின்னரே அறிவார். அத்தகையோர் காலைப்பொழுதிலேயே தரிசனத்தை முடித்தல் நலம். மாலையிற் பாதங்களைப் பிறர் ஒருவர் பார்வையிடுதலும் வேண்டும். நெடுநேரம் வாகனத்தில் அசையாது இருந்தால் கால் வீங்கும், இரத்தம் உறையவுங்கூடும். மணிக்கொருமுறை நிறுத்தி, எழ முடிந்தவர் எழவும், முடியாதவர் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கவும் செய்தல் வேண்டும். மருந்துப்பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்துள் விட்டுச் செல்லலாகாது. வழியில் மலசலகூடத்துக்கு அஞ்சித் தண்ணீர் குடியாமலே பிரயாணஞ் செய்யும் தாய்மார் பலர். அவர்களின் தாகத்தைத் தீர்ப்பது இளநீர் அன்று. நிற்கும் இடங்களை முன்னரே தெரிந்து வைத்துச் சொல்லும் மகனின் வார்த்தையே.

எல்லாவற்றிலும் முக்கியமானது மரியாதை. கேளாமல் எவரையும் தூக்குதல் கூடாது; சாமான் போலத் தம்மை எடுத்து வைப்பதை எவர் விரும்புவர்? "எப்படிப் பிடிக்க வேண்டும்?" என்று அவரிடமே கேட்டால், எந்தக் கை வலுவுள்ளது, எந்தக் கால் முந்தி ஊன்றும் என்பதை அவரே சொல்லுவார். "நீங்கள் வானுக்குள்ளே இருங்கோ, நாங்கள் பாத்திட்டு வாறம்" என்று சாரதியோடு விட்டுச் செல்வதும் நன்றன்று. ஒருவர் தங்க வேண்டுமாயின் மற்றொருவர் அருகிருக்கட்டும். அடுத்த இடத்தில் முறை மாறட்டும். ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்கும் திட்டத்தை இரண்டாகக் குறைத்தால், சிறுவர்க்கும் அது நன்மையே. ஓடியோடிப் பார்த்தவற்றை அவர்களும் மறுநாளே மறந்துவிடுகின்றனர்.

மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பஸ் நிலையம், நூல்நிலையம், கோயில் மண்டபம் ஆகியவற்றின் வாயிற்படிகளை எண்ணி, அவற்றின் உயரத்தைக் குறித்து, எத்தனை அடிச் சரிவுப்பாதை வேண்டுமென்று கணக்கிடுங்கள். அக்குறிப்பைப் பொறுப்பானவர்களிடம் மரியாதையாகக் கையளியுங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். வருகின்ற விடுமுறைக்குத் திட்டம் போடும்போது, வீட்டில் எவர் குறைந்த அடி நடக்க வல்லவரோ அவரை முதலில் அழைத்து, "உங்களுக்கு எவ்விடத்தைப் பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். அவர் முதல்முறை, "எனக்கென்ன ஆசை!" என்றே சொல்லுவார். விடாது இரண்டாம் முறையும் கேளுங்கள். அவர் பெயர் சொல்லும் இடத்திலிருந்து உங்கள் பிரயாணத் திட்டம் தொடங்கட்டும். வீட்டுச் சாவியை அயலவரிடம் கொடுத்துச் செல்லலாம்.