பெரியவர்களுக்கும் ஓர் ஓவிய வகுப்பு



5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் வார விடுமுறையில் ஓவியம் கற்றுத்தருகின்றன. பனியன் கம்பெனிக்குப் போகும் பெரியவர்களுக்கு?

நீர்வண்ணம் கூடிக் கற்க ஏற்ற கலை. ஈரத்தாளில் தொட்ட நீலம் எங்கே ஓடும், காய்ந்தபின் எவ்வளவு வெளிறும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரின் தாளும் சொல்லித்தரும்.

எங்கள் சாயப்பட்டறைப் பகுதிக்கு நிறம் புதிதல்ல; சாயமும் ஓவியத்துக்கு அந்நியமல்ல. நீர்வண்ண நிலக்காட்சிகளால் முதலில் பெயர்பெற்ற கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கிருந்த ஓவியர்களுக்குக் கைகொடுத்தது சாயமேற்றிய பாத்திக் துணி விற்பனைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுப் பள்ளி வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்டால் போதும். தாளும் தூரிகையும் வருபவர்கள் கொண்டுவரட்டும். ஓர் ஓவிய ஆசிரியரை மட்டும் துறை அனுப்பலாம்.

– வாசகர் ஒருவர், அருள்புரம், திருப்பூர் மாவட்டம்