பொட்டலத்தை மாற்றலாம்; சோற்றை மறுபடி வேகவைக்க வேண்டாம்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், கிள்ளானில் நான் அறிவியல் கற்பிக்கும் படிவம் 4 மாணவன் ஒருவன் ஒரு சிக்கலோடு என்னிடம் வந்தான். அவன் வீட்டுக் கணினியில் பத்து ஆண்டுக் குடும்பக் காணொளிகள் சேர்ந்திருக்கின்றன. அக்காவின் திருமணம், பத்துமலையில் அப்பா எடுத்த காவடி, பாட்டி முறுக்குப் பிழியும் காட்சி என்று பல. அறையில் இருக்கும் கணினியிலிருந்து வைஃபை வழியே ஹால் தொலைக்காட்சிக்கு அவற்றை அனுப்பிப் பார்க்க, இலவச மென்பொருள் ஒன்றை அவனே நிறுவியிருக்கிறான். ஆனால் படம் ஓடத் தொடங்கியதும் கணினியின் விசிறி இரைகிறதாம். படமும் அடிக்கடி நின்றுவிடுகிறதாம்.

“டீச்சர், இந்த விடுமுறையில் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பழையதை அழித்துவிடப் போகிறேன். இடமும் மிச்சமாகும்” என்றான்.

“அழிக்காதே!” என்று நான் சொன்ன வேகத்தில் அவன் திகைத்துப்போனான். அந்த வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்குள் காணொளி பார்ப்பதற்காகக் கோப்பை உருமாற்றும் தேவை பெரும்பாலும் இல்லை. உள்ளபடியே ஓடவிடுவதுதான் நல்லது. ஏன் ஓடவில்லை என்று அறியாமல் உருமாற்றுவது, நோய் எதுவென்று தெரியாமல் மருந்து தின்பதைப் போன்றது.

இலையும் சோறும்

கடையில் நாசி லெமாக் வாங்குகிறோம். ஒரு கடையில் வாழையிலையில் மடித்துத் தருவார்கள். இன்னொரு கடையில் பழுப்புத் தாளில். பொட்டலம் எதுவானாலும் உள்ளே இருக்கும் சோறு சோறுதான்.

காணொளிக் கோப்பும் அப்படியே. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, எம்.கே.வி. போன்றவை பொட்டலத்தின் பெயர்கள். இதைக் ‘கொள்கலன்’ என்பார்கள். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பது வேறு விஷயம். அந்தச் சுருக்கும் முறைக்குக் ‘கோடெக்’ என்று பெயர். 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகிய இரண்டும் இன்று பரவலாக உள்ளவை. எச்.265-ஐ ‘எச்.இ.வி.சி.’ என்றும் அழைப்பார்கள். ஐபோன்கள் 2017 முதல் இந்த முறையிலும் காணொளி எடுக்கின்றன.

சுருக்குவது ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு எச்.டி. படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 25 படம் என்று பெருக்கினால், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் வருகிறது. நம் வீட்டு வைஃபை இதைத் தாங்குவது கடினம். சுருக்கியபின் அதே படம் விநாடிக்கு 80 லட்சம் பிட், அதாவது 8 மெகாபிட் அளவுக்குள் அடங்கிவிடும். இது 150 மடங்குக்கும் மேலான சுருக்கம்!

இப்போது மாணவனின் கணினிக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். தொலைக்காட்சி ஒரு கோப்பைக் கேட்கிறது. அதற்குப் புரியும் கோப்பாக இருந்தால், கணினி வட்டிலிருந்து படித்து அப்படியே அனுப்பினால் போதும். விநாடிக்கு 8 மெகாபிட் என்பது 1 மெகாபைட்தான். மிகச் சிறிய கணினிகூட இதைச் சிரமமின்றிச் செய்யும்.

தொலைக்காட்சிக்குப் புரியாத கோப்பாக இருந்தால், மென்பொருள் உதவிக்கு வருகிறது. சுருக்கிய படத்தை விரித்து, அந்த 124 கோடி பிட்டையும் கையாண்டு, வேறொரு முறையில் மறுபடி சுருக்கி அனுப்புகிறது. இதுவே டிரான்ஸ்கோடிங், தமிழில் மறுகுறியாக்கம் எனலாம். சுருக்கத்தை விரிப்பது எளிய வேலை. சுருக்குவதுதான் கடினம். முந்திய படத்தில் இருந்த முகம் இந்தப் படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று, படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தேடிப் பார்க்க வேண்டும். அதையும் படம் ஓடும் வேகத்திலேயே முடிக்க வேண்டும். விசிறி இரைந்ததற்கும் படம் நின்றதற்கும் இதுவே காரணம்.

இரண்டு முறை முழுமையாக்கினால்

கணினி சூடாவது மட்டும்தான் சிக்கல் என்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். உருமாற்றிய பிரதியில் தரம் குறைகிறது. குறைந்த தரம் திரும்ப வராது.

கணித வகுப்பை நினைவுகூருங்கள். 3.46 என்ற எண்ணை முழு எண்ணுக்குக் கிட்டியதாக்கினால் 3. ஆனால் முதலில் ஒரு தசம இடத்துக்கு ஆக்கினால் 3.5, அதை முழு எண்ணாக்கினால் 4. இடையில் ஒரு படி சேர்ந்ததால் விடையே தவறிவிட்டது. காணொளியைச் சுருக்கும்போதும் இதேதான் நடக்கிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுட்பங்களைக் கோடெக் முழுமையாக்கித் தூக்கிப்போடுகிறது. மறுபடி சுருக்கும்போது, ஏற்கெனவே முழுமையாக்கிய எண்களையே மீண்டும் முழுமையாக்குகிறது. பெரிய கோப்பாக மாற்றினாலும், இழந்த நுட்பம் திரும்பி வருவதில்லை.

நான் குரலை உயர்த்தியதன் காரணத்துக்கு இப்போது வருகிறேன். என் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தை வி.எச்.எஸ். நாடாவில் எடுத்திருந்தார்கள். பின்னர் அதை விசிடியில் பதித்துக்கொண்டோம். பூஞ்சை பிடித்த நாடாவை வீசிவிட்டோம். நம் நாட்டில் விசிடியில் வந்த படத்தின் அளவு 352 × 288 புள்ளிகள். கல்லூரிக் காலத்தில், புதிதாக வாங்கிய கைப்பேசியில் தாத்தாவைக் காட்ட ஆசைப்பட்டு, அதை 176 × 144 புள்ளிக் கோப்பாக மாற்றினேன். தட்டைப் பத்திரப்படுத்தாமல் விட்டேன். அது கீறிப் பழுதானது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1,01,376 புள்ளிகளில் 25,344 மட்டுமே மிஞ்சின. நான்கில் மூன்று பங்கை என் கையாலேயே அழித்திருக்கிறேன். இன்று அதை முழு எச்.டி. தொலைக்காட்சியில் பார்த்தால், ஒரு பழைய புள்ளி ஏறத்தாழ 82 புள்ளிகளின் இடத்தில் பரவி நிற்கிறது. தாத்தா சிரிக்கிறார் என்று அம்மா சொல்கிறார். எனக்கு ஒரு பழுப்பு வட்டம்தான் தெரிகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர் பேசியதும் நடந்ததும் பதிவான காணொளி எங்களிடம் அது ஒன்றுதான்.

இன்று இதே தவறு வேறு வழியில் நடக்கிறது. திருமணக் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று கைப்பேசியில் உள்ள மூலத்தை அழித்துவிடுகிறோம். காணொளியாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடியே போகும். இதை இன்றே உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

மறுதரப்பும் உண்டு

“டிரான்ஸ்கோடிங் அவ்வளவு மோசமானதா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறவர், கைப்பேசித் தரவைக் கொண்டு வீட்டுக் காணொளியைப் பார்க்க விரும்பினால், சிறிய அளவில் சுருக்கி அனுப்புவதே சரி. அதற்கென்றே கணினிச் சில்லுக்குள் தனிப் பகுதிகளும் வந்துவிட்டன. இன்டெல் நிறுவனம் 2011-இலேயே ‘குயிக் சிங்க்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. மின்சாரம் குறைவாகவே செலவாகும். பார்க்கும் நேரத்துக்கு மட்டும் உருமாறும் பிரதியால் மூலத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

ஆகவே, நான் எதிர்ப்பது இரண்டை மட்டுமே. ஒன்று, தேவையே இல்லாத இடத்தில் உருமாற்றிவிட்டு, ‘கணினிக்குச் சக்தி போதவில்லை’ என்று பெற்றோரிடம் புதிய கணினி கேட்பது. மற்றொன்று, உருமாற்றிய பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் கோப்பைப் படியுங்கள். ‘மீடியாஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள், கோப்பின் கொள்கலன் எது, படக் கோடெக் எது, ஒலிக் கோடெக் எது என்று தனித்தனியாகக் காட்டும். பிறகு உங்கள் தொலைக்காட்சியின் கையேட்டில் அது எவற்றை ஏற்கும் என்று பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் தடை எங்கே என்று தெரிந்துவிடும்.

தடை கொள்கலனில் மட்டும் இருந்தால் பொட்டலத்தை மாற்றினால் போதும். 2000-இல் தொடங்கப்பட்ட ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்னும் இலவசக் கருவியில், ‘நகலெடு’ என்று பொருள்படும் ஒரு கட்டளை உண்டு. அது படத்தைத் தொடாமல் எம்.கே.வி.யிலிருந்து எடுத்து எம்.பி.4-இல் வைத்துவிடும். சோற்றை வாழையிலையிலிருந்து தட்டுக்கு மாற்றுவது போன்ற வேலை இது. ஒரு புள்ளிகூடக் குறையாது; மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

தடை ஒலியில் இருந்தால் ஒலியை மட்டும் மாற்றினால் போதும், படத்தை விட்டுவிடலாம். ஒலியை மாற்றுவது இலகுவான வேலை.

வசன வரிகளையும் கவனியுங்கள். தமிழ் எழுத்தை அந்தத் தொலைக்காட்சிச் செயலியால் காட்ட முடியாவிட்டால், மென்பொருள் அவ்வரிகளைப் படத்தின் மேலேயே பதித்து அனுப்பக்கூடும். அதற்காக முழுப்படத்தையும் மறுபடி சுருக்க வேண்டியிருக்கும். வசன வரியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். விசிறி அடங்கினால் காரணம் அதுதான்.

செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் உருமாற்றம் நடக்கும். ‘மூலத் தரம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வலுவிழந்தால் கம்பியை இழுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவரில் அதிகம் தேயும். நம் தாமான் வீடுகளின் செங்கல் சுவர்களில் இரண்டைத் தாண்டினால் வித்தியாசம் தெரியும்.

படக் கோடெக்கே தொலைக்காட்சிக்குப் புரியவில்லையா? அப்போதும் கோப்பை மாற்றாமல் ஓட்டும் கருவியை மாற்றுங்கள். எச்.265-ஐ விரிக்கத் தெரிந்த சிறிய பெட்டி ஒன்றைத் தொலைக்காட்சியில் செருகலாம். அல்லது வி.எல்.சி. செயலியை முயன்று பார்க்கலாம். அந்த மென்பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், விடுதி வளாக வலையமைப்பில் காணொளி அனுப்புவதற்காக 1996-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்தது அது. உங்களைவிடச் சில வயதே மூத்த மாணவர்கள்தாம், தங்கள் கட்டடத்துக்குள் படம் ஓட வேண்டும் என்று யோசித்து, உலகமே பயன்படுத்தும் கருவிக்கு வித்திட்டார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். நான் பேசுவது உங்கள் குடும்பத்தார் எடுத்த காணொளிகளைப் பற்றி. பிறருடைய படங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் உண்டு.

அந்த மாணவன் விடுமுறை முடிந்து வந்தான். அவன் வீட்டுக் கோப்புகளில் பெரும்பாலானவை எச்.264 தானாம். கொள்கலனும் வசன வரியும்தான் தடையாக இருந்தனவாம். அவற்றைச் சரிசெய்தபின் விசிறி அடங்கிவிட்டதாம். எதையும் அழிக்கவில்லை, மாறாக, மூலக் கோப்புகளை இன்னொரு வட்டிலும் நகலெடுத்து, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அத்தை வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறான்.

“பாட்டி முறுக்குப் பிழியும்போது கைவளையில் இருக்கும் பூ வேலைகூடத் தெரிகிறது, டீச்சர்” என்றான்.

என் தாத்தாவின் காணொளியில் அப்படி எதுவும் தெரியாது. உங்கள் வீட்டில் இருக்கும் பதிவுகளில் இன்னும் தெரியும். இந்த வார இறுதியில் அந்தக் கோப்புகளைத் திறந்து, அவை எப்படிப்பட்டவை என்று பாருங்கள். அதன்பிறகு எதையாவது மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மூலம் மட்டும் மூலமாகவே இருக்கட்டும்.