வலி நின்றதும் ஓடலாமா?

"பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்! விடியக் காலையில் கடலுக்குப் போகணும்."

பல் வலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற மீனவர்கள் சொல்லுகிற பேச்சு, பெரும்பாலும் இதுதான்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்து இருக்கிறது வீராம்பட்டினம். பெரிய மீனவர் ஊர். படகும் வலையும்தான் அங்கே பிழைப்பு. ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். பெண்கள் மீன் விற்கப் போகிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால், அன்றைக்கு வருமானம் இல்லை.

அப்படிப்பட்டவர்களிடம், "பல்லைப் பிடுங்க வேண்டாம். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றி விடலாம். மூன்று தடவை வாருங்கள்" என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபம் நியாயம்தான். ஆனால், பிடுங்கிய பல் திரும்பி வராது!

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல்லைக் கல் போன்ற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியேதான் அது கல். உள்ளே உயிர் இருக்கிறது. பல்லின் நடுவே ஒரு சிறு அறை. அதில் இருந்து வேரின் நுனி வரை மெல்லிய குழாய்கள். அவற்றுக்குள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக மூன்று. மேல் கடைவாய்ப் பல்லில் நான்கு கூட இருக்கும்.

சொத்தை மெள்ள மெள்ளக் குழி தோண்டிக்கொண்டு போகிறது. நடு அறையை எட்டியதும் கிருமிகள் உள்ளே புகுந்து விடுகின்றன. நரம்பு வீங்குகிறது. சதையில் வீக்கம் வந்தால் சதை விரிந்து கொடுக்கும். பல் விரிந்து கொடுக்குமா? கொடுக்காது. அதனால்தான் உயிர் போகிற வலி! படுத்தால் தலைக்கு இரத்தம் அதிகம் பாயும். ஆகவே, பகலில் பொறுத்துக்கொண்ட வலி இரவில் ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது.

நடுக்கடலில் இந்த வலி வந்தால் டாக்டருக்கு எங்கே போவது? கிராம்பை வைத்துக் கடிக்கிறார்கள். சிலர் புகையிலையை அடக்கிக் கொள்கிறார்கள்.

கிராம்பில் உண்மையிலேயே மரத்துப் போகச் செய்கிற சத்து இருக்கிறது. பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் மருந்தில் கூட கிராம்பு எண்ணெயின் சத்து சேருவது உண்டு. ஆனால், அது வலியைத்தான் அடக்கும், கிருமியைத் துரத்தாது. புகையிலையோ ஈற்றைப் புண்ணாக்கும். வாய்ப் புற்றுநோய்க்கும் வழி வைக்கும்.

சில நாள் கழித்து வலி தானாகவே நின்று விடும். "பார்த்தாயா, கிராம்பிலேயே சரியாகிவிட்டது!" என்று பாட்டி மகிழ்ந்து போவாள்.

சரியாகவில்லை. நரம்பு செத்துவிட்டது! செத்த நரம்புக்கு வலிக்கத் தெரியாது. கிருமிகள் சத்தம் இல்லாமல் வேர் வழியாக இறங்கி, தாடை எலும்பில் சீழ் கட்டுகின்றன. பல மாதம் கழித்து ஒரு நாள் கன்னம் வீங்கும். அப்போதுதான் ஓட்டம் பிடிப்பார்கள்.

பிரெஞ்சு டாக்டரும் பல் புழுவும்

"பல்லில் புழு இருக்கிறது, கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடித்தால் விழுந்துவிடும்" என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. நம்மவர்களை மட்டும் கேலி செய்ய வேண்டாம். ஐரோப்பாவிலும் பல நூறு ஆண்டுகள் பல் புழுவை நம்பினார்கள்.

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், பிரான்சு நாட்டில் பியேர் போஷார் என்ற பல் வைத்தியர் இருந்தார். 1728-ம் ஆண்டில் பல் வைத்தியம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். சொத்தைப் பல்லை பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்த அவர், புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். சீழ் கட்டிய பல்லைத் திறந்து சீழை வெளியே விடும் முறையையும் சொன்னார். இன்று உலகம் அவரை நவீன பல் வைத்தியத்தின் தந்தை என்று கொண்டாடுகிறது.

அதன் பிறகு 1838-ல் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்டு மேனார்டு, கடிகாரத்தின் சுருள் கம்பியைத் தேய்த்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்ய ஒரு கருவி செய்தார். 1867-ல் பௌமன் என்ற இன்னோர் அமெரிக்கர், சுத்தம் செய்த குழாயை அடைக்க "கட்டா பெர்ச்சா" என்ற பிசினைப் பயன்படுத்தினார். அது மலேயாக் காட்டு மரத்தின் பால். கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் அதே பிசின்தான்! இன்றைக்கும் பல் வேரை அடைப்பது பெரும்பாலும் அந்தப் பொருளால்தான்.

ஊசி போட்டு மரத்துப் போகச் செய்யும் வித்தை 1884-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பு இந்த வைத்தியம் செய்துகொண்டவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் உடம்பு நடுங்கும். "வேர் சிகிச்சை என்றால் சித்திரவதை" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டும். காலம் மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை!

நாற்காலியில் உட்கார்ந்தால்...

டாக்டர் முதலில் பல்லைத் தட்டிப் பார்ப்பார். குளிர்ந்த பொருளை வைத்து, கூச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். எக்ஸ்ரே எடுப்பார். சர்க்கரை வியாதி, இருதய நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

பிறகு ஊசி. உண்மையைச் சொன்னால், பலருக்கு வலிப்பது இந்த ஊசி ஒன்றுதான். அதுவும் எறும்பு கடித்தது போல. சில நிமிடத்தில் உதடு தடித்தது போலத் தோன்றும். தடித்திருக்காது, மரத்திருக்கும். சீழ் அதிகமாகக் கட்டி இருந்தால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போவது உண்டு. அப்போது வாயை மூடிக்கொண்டு பொறுக்கக்கூடாது. கையைத் தூக்க வேண்டும். டாக்டர் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டுவார்கள். மூச்சு முட்டுமோ என்று பயப்பட வேண்டாம். மூக்கு திறந்துதானே இருக்கிறது! எச்சில் பல்லுக்குள் போகாமலும், சிறு கருவிகள் தொண்டைக்குள் விழாமலும் காப்பது இந்த ரப்பர்தான். எல்லா இடத்திலும் இதை மாட்டுவது இல்லை. மாட்டுகிற டாக்டர் கிடைத்தால் நல்லது.

பல்லின் மேல் ஒரு துளை போடுவார்கள். "கிர்" என்ற சத்தம் காதைக் குடையும். சத்தம்தான் பெரிது. அப்புறம் ஊசியைப் போன்ற மெல்லிய அரங்களை விட்டு, செத்த நரம்பை எடுப்பார்கள். குழாயின் சுவரைத் தேய்ப்பார்கள். இடையிடையே ஒரு திரவத்தால் கழுவுவார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். குழாய் எவ்வளவு நீளம் என்று எக்ஸ்ரே மூலமோ, சிறு மின்சாரக் கருவி மூலமோ அளப்பார்கள். நீளம் குறைந்தால் கிருமி மிஞ்சும். கூடினால் எலும்பைக் குத்தும். அரிசி முனை அளவு கணக்கு அது! டாக்டர் நேரம் எடுத்துக் கொள்கிறாரே என்று எரிச்சல்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

சில பல்லுக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். சீழ் இருந்தால் உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து வரச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்யக் கூடாதது ஒன்று. உதட்டில் உணர்ச்சி திரும்புகிற வரை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம், சூடான டீ குடிக்கக்கூடாது. வெந்தது தெரியாது. குழந்தைகளாக இருந்தால் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வார்கள். தாய்மார் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று நாள் அந்தப் பல்லால் கடித்தால் வலிக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அது அடங்கும். ஆனால் கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கழுத்துக்கு இறங்கும் வீக்கம் மூச்சை அடைத்து உயிரையே வாங்கும். இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாதியில் ஓடுகிறவர்கள்

முதல் நாளே வலி நின்று விடுகிறது. இங்கேதான் ஆபத்து!

"வலிதான் போய்விட்டதே! இனி எதற்கு பஸ் செலவு? ஆடித் தேர் முடியட்டும், பார்க்கலாம்" என்று வீட்டில் இருந்து விடுகிறார்கள். தேர் முடிகிறது. தீபாவளியும் வந்து போகிறது. தற்காலிக அடைப்பு சில வாரம் தாங்கத்தான் செய்தது. அது தேய்ந்து, விரிசல் விட்டு, கிருமிகள் மறுபடி உள்ளே குடியேறிவிடும். பிறகு, "வேர் சிகிச்சை செய்தேன், பயன் இல்லை" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். செய்தது பாதி சிகிச்சை என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் சிலர் வேரை அடைத்ததும் நின்று விடுகிறார்கள். மேலே "கேப்" என்னும் உறை போடுவது இல்லை. குடையப்பட்ட கடைவாய்ப் பல் பலம் குறைந்தது. கருவாட்டு முள்ளோ, நிலக்கடலையோ கடிக்கும்போது ஒரு நாள் இரண்டாகப் பிளந்துவிடும். வேர் வரை பிளந்துவிட்டால் பிடுங்குவது தவிர வேறு வழி இல்லை. போட்ட பணமும் போச்சு, பல்லும் போச்சு!

இதில் நோயாளியை மட்டும் குறை சொல்வது சரி அல்ல. வேர் சிகிச்சைக்கு ஒரு தொகை. உறைக்குத் தனியாக ஒரு தொகை. இரண்டையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லாத டாக்டர்களும் இருக்கிறார்கள். கடைசி நாளில் "இன்னும் சில ஆயிரம் ஆகும்" என்றால், மீன் விற்றுப் பிழைக்கிற அம்மாள் என்ன செய்வாள்? கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவாள். முழுத் தொகையையும், எத்தனை தடவை வர வேண்டும் என்பதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது டாக்டரின் கடமை. கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ஈறு நோயால் ஆடுகிற பல், வேர் வரை பிளந்த பல், மேல்பாகம் அனேகமாகக் கரைந்துபோன பல் ஆகியவற்றைப் பிடுங்குவதே நல்லது. நன்றாகச் செய்த வேர் சிகிச்சை கூட சில வேளை தோற்கும். ஒளிந்திருந்த குழாய் ஒன்று டாக்டர் கண்ணில் படாமல் போகலாம். மெல்லிய அரம் உள்ளேயே ஒடிந்துவிடலாம். ஆனால், முறையாகச் செய்து முடித்தால் பத்துப் பல்லில் எட்டு, ஒன்பது பல் பல ஆண்டுகள் உழைக்கும்.

பிடுங்கினால் செலவு மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. பக்கத்துப் பற்கள் காலி இடத்தில் சாயும். எதிர்ப் பல் இறங்கி வரும். மெல்லுவது ஒரு பக்கமே ஆகிவிடும். பிறகு செயற்கைப் பல் கட்டப் போனால், மிச்சம் பிடித்ததைப் போல சில மடங்கு போகும்.

"மேல் பல்லைத் தொட்டால் கண் போய்விடும்" என்பார்கள். பொய்! பல் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. "வேர் சிகிச்சை செய்த பல்லால் புற்றுநோய் வரும்" என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதுவும் பழைய கதைதான். 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் டாக்டர், பல்லில் உள்ள சீழே பல நோய்களுக்குக் காரணம் என்று பேசினார். அதைக் கேட்டு மேல்நாடுகளில் ஏராளமான பேரின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். நோய்கள் தீரவில்லை, பொக்கை வாய்தான் மிச்சம்! பிற்கால ஆராய்ச்சிகள் அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டன.

61 நாள் இருக்கிறதே!

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை பின்னுவதும், படகைப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். பல்லைப் பழுது பார்க்கவும் அதுதான் நேரம்! மூன்று தடவை போய்வர அந்த 61 நாளில் இடம் இருக்கிறது.

நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. அதற்காகத்தான் அரசாங்க ஆஸ்பத்திரி. கோரிமேட்டில் அரசு நடத்தும் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டணத்தைத் தாண்டிப் போக வேண்டும். கூட்டத்தில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் படித்த டாக்டர்கள் மேற்பார்வையில் வேலை நடக்கிறது. வேர் சிகிச்சைக்கு என்றே தனிப் படிப்பு படித்தவர்கள் இருக்கிற இடம் அது. தெருவோரத்தில் உட்கார்ந்து பல் கட்டுகிற ஆளிடம் போவதைவிட, அங்கே அரை நாள் காத்திருப்பது மேல். பதிவு பெறாதவர்கள் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்பதற்காக 1948-லேயே சட்டம் வந்துவிட்டது.

அரசாங்கமும் ஒன்று செய்யலாம். கிராமங்களில் பல் முகாம் நடத்துகிறார்கள். வருகிறவர்களின் பல்லைப் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, பற்பசை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தடைக்காலம் தொடங்கும் முதல் வாரத்தில் வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் முகாம் போட்டு, காப்பாற்றக்கூடிய பல் உள்ளவர்களுக்கு அங்கேயே மூன்று தேதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றும் ஜூன் 14-க்கு முன்பே முடிய வேண்டும். ஏழைகளுக்கு வேரை அடைப்பதோடு நிறுத்திவிடாமல், உறையையும் இலவசமாகவே போட்டு அனுப்ப வேண்டும்.