அந்த நாற்காலிக்கு எந்த வழியாக வந்தார்கள்?



மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர்கள் சின்னசேலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. ஈரப்பதம் எவ்வளவு, இன்றைக்கு என்ன விலை போனது என்ற பேச்சுதான் டீக்கடைகளில். இந்தச் சமயத்தில் போய் ஆராய்ச்சி நிறுவனங்களைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். படிப்பீர்கள் என்ற தைரியம் எனக்கு உண்டு. கேள்வி உங்களில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கும் வாசகி அவர். "சார், பேப்பர்ல திட்டக் குழு ஆய்வு, வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன அறிக்கைன்னு அடிக்கடி வருது. அந்த இடங்களுக்குத் தலைமையா வர்றவங்க எங்கிருந்து வர்றாங்க? என்ன படிச்சிருக்கணும்? நம்ம பக்கத்து ஆளுங்க அங்க போக முடியுமா?" என்று எழுதியிருந்தார்.

முதல் கேள்விக்கு நல்ல பதில் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே கிடைக்கிறது. உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் போகும் வழியில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருவேல்பட்டு என்று ஓர் ஊர். பஸ்ஸில் கண்ணயர்ந்து கடந்துவிடுகிற ஊர்களில் ஒன்று. ஆனால் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் மத்தியில் உலகம் முழுக்கப் பேர் தெரிந்த ஊர் அது. 1916-இல் தொடங்கி 2008 வரை, தலைமுறைக்கு ஒருமுறை யாராவது அங்கே போய் வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே போனவர்கள் யார் யார் என்று பார்த்தால், தமிழ்நாட்டில் கொள்கை ஆராய்ச்சியை வழிநடத்தியவர்களின் கதையில் பாதி தெரிந்துவிடும்.

முதலில் வருபவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர். வருவதற்கு முன் அவர் இருந்தது ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே நடந்த ரஸ்கின் கல்லூரி. அதற்கு முதல்வராக இருந்தார். அதற்கும் முன்னால், இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்டதால் சிறு விவசாயி என்ன ஆனான் என்று புத்தகம் எழுதியவர். அப்படிப்பட்டவர் சென்னைக்கு வந்து பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் போவாரா? கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, உங்கள் ஊரில் நிலம் யார் கையில் இருக்கிறது, கடன் எவ்வளவு, கூலி என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்படிச் சேர்ந்த கணக்குகள் 1918-இல் புத்தகமாக வந்தன. இருவேல்பட்டு அதில் ஒன்று.

ஒரு தலைவரின் பின்னணி எங்கே வெளிப்படுகிறது என்றால், என்னைக் கேட்டால், கேள்வித்தாளில்தான் என்பேன். அறிக்கையின் முதல் பக்கத்துப் புகைப்படத்தையும் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. என்ன கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துபோகும்.

ஸ்லேட்டரின் கிராமங்களுக்கு 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆட்களை அனுப்பினார்கள். அதைத் தாண்டி நேரே 1971-க்கு வருகிறேன். அந்த ஆண்டு சென்னையில் இரண்டு அமைப்புகள் பிறந்தன. ஒன்று அரசு அமைப்பான மாநிலத் திட்டக் குழு. இன்னொன்று அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேசய்யாவும் அவர் மனைவி எலிசபெத்தும் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்.

ஆதிசேசய்யா வேலூரில் பிறந்தவர். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டு வந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். 1948-இல் பாரிஸ் போய் யுனெஸ்கோவில் சேர்ந்து, அதன் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்து, 1970-இல் விலகினார். அப்போது அவருக்கு வயது அறுபது. அந்த வயதில் பெரிய பதவிக்காரர்கள் பெரும்பாலும் சுயசரிதை எழுதுவார்கள். இவர் மாதாந்தரக் கருத்தரங்கு நடத்தினார். அங்கே பேசியதை அச்சடித்து வெளியிடவும் செய்தார் (மாதா மாதம் இதழ் கொண்டுவருகிற பாடு தெரிந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை). பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாநிலங்களவை நியமன உறுப்பினர் என்று பொறுப்புகள் வந்தன. மேல்நிலைக் கல்வியில் தொழிற்பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த குழுவுக்கு 1978-இல் தலைமை தாங்கியவரும் அவரே. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்ததும் அதே வருடம்தான். வொகேஷனல் குரூப் எடுத்துப் படித்து இன்று சின்னசேலத்தில் கடை வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இதைப் படிக்கிறீர்கள். அந்தக் குரூப்பைப் பற்றி உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர் இந்த வேலூர்க்காரர்.

1978-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக வந்தவர் சி.டி. குரியன். அவரும் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர். பத்து வருடம் பொறுப்பில் இருந்தார். 1950 முதல் 1975 வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் என்ன மாறியது என்று அவர் எழுதிய புத்தகத்தை நம் வாசகி கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.

எனக்கு இவர்களில் அதிகம் பிடித்தவர் எஸ். குகன். அவர் ஆசிரியராக இருந்து வந்தவர் இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். பட்ஜெட்டில் எந்த வரி எங்கிருந்து வருகிறது, எந்தத் திட்டத்துக்கு எழுதிய பணம் எந்த மேசையில் தங்கிவிடும் என்று உள்ளே இருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, ஜோன் மெஞ்சர் என்ற அமெரிக்க மானுடவியலாளருடன் இருவேல்பட்டு ஆய்வைக் கையில் எடுத்தார். அந்தக் கட்டுரை 1983-இல் வெளிவந்தது. கோட்டையில் கையெழுத்துப் போட்டவர், அந்தக் கையெழுத்து கிராமத்தில் என்ன ஆனது என்று கணக்குப் பார்த்த கட்டுரை என்று அதைச் சொல்லலாம். வயதானவர்களுக்கும் அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கும் சமூகப் பாதுகாப்பு தருவது நம் நாட்டால் முடிகிற காரியமே என்று வாதாடியவர்களில் முன்வரிசையில் இருந்தார் குகன். காவிரிப் பிரச்சினையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேச என்ன வழி என்று 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1998-இல் காலமாகிவிட்டார். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் அவர் பெயர் சொல்லப்படுகிறதா என்பது சந்தேகம்தான்.

2008-இல் மறுபடியும் இருவேல்பட்டு. இந்த முறை ஜான் ஹாரிஸ், கே. நாகராஜ் இவர்களோடு போனவர் ஜெ. ஜெயரஞ்சன். ஒரு காலத்தில் ஊரையே கையில் வைத்திருந்த நிலக்காரர்களின் பிடி தளர்ந்துவிட்டது, கூலிக்காரர்கள் விவசாயத்தை மட்டும் நம்பி இல்லை, ஆனால் நிலம் மட்டும் ஏழைகளிடம் வந்து சேரவில்லை என்பது போன்ற செய்திகள் அவர்கள் கட்டுரையில் இருந்தன. அரசாங்கத்துக்கும் ஏழைகளுக்கும் இடையிலான உறவு மாறியிருப்பதையும் எழுதினார்கள். அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை 2024 டிசம்பரில் டி.வி.யில் எல்லோருமே பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நிவாரணம் வரவில்லை என்று நெடுஞ்சாலையை மறித்து, பார்க்க வந்த அமைச்சர் மீது சேற்றை வீசியது இதே இருவேல்பட்டில்தான். 1916-இல் ஸ்லேட்டரின் மாணவர் கணக்கெடுத்த ஊரில் இப்படி ஒன்றை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த ஜெயரஞ்சன்தான் 2021 ஜூனில் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். கூடவே நியமிக்கப்பட்டவர்களைப் பாருங்கள். வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் விஜயபாஸ்கர், மண்புழு என்றாலே நம் விவசாயிகளுக்கு நினைவு வரும் சுல்தான் அகமது இஸ்மாயில், ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் அமலோற்பவநாதன், டாஃபே டிராக்டர் கம்பெனியின் மல்லிகா சீனிவாசன், சித்த மருத்துவர் கு. சிவராமன், ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர், பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ். திருநங்கையான ஒருவர் அப்படியொரு குழுவில் உட்கார்ந்ததைப் பற்றி அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். ஆக, "என்ன படிச்சிருக்கணும்" என்ற இரண்டாவது கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. வெளிநாட்டிலும் அப்படித்தான். ஸ்லேட்டரின் மாணவர்கள் கணக்கெடுத்த அதே 1916-இல் அமெரிக்காவில் புரூக்கிங்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வித்திட்ட ராபர்ட் புரூக்கிங்ஸ், மரச்சாமான் வியாபாரத்தில் சம்பாதித்தவர்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு நெருடலும் உண்டு. திட்டக் குழுவுக்குத் தலைவர் முதலமைச்சர். உறுப்பினர்களை நியமிப்பது ஆளும் கட்சி. ஆட்சி மாறினால் ஆட்களும் மாறுவார்கள். இடையில் ஒரு அரசு பெயரையே கொஞ்ச காலம் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று மாற்றி வைத்திருந்தது. கிராமத்தில் போய் உண்மையை எழுதிய ஆராய்ச்சியாளர், கோட்டைக்குள் போன பிறகு அதே குரலில் பேச முடியுமா? முடியும் என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம். குகன் அரசுப் பதவியை முடித்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தார். இப்போது பலர் ஆராய்ச்சியிலிருந்து அரசுக்குப் போகிறார்கள். தேனிப் பக்கம் கோகிலாபுரம் கிராமத்தின் விவசாயக் கூலிகளைப் பற்றி எழுதிய வி.கே. ராமச்சந்திரன்கூட 2016-இல் கேரளத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஆனார். கள அனுபவம் உள்ளவர் அதிகாரத்தின் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் நிதி தருகிறவரே நியமிப்பவராகவும் இருக்கும்போது, கசப்பான அறிக்கை எத்தனை சீக்கிரம் வெளியே வரும் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு உதாரணம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021 மே மாதம் வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்த எண்ணை மேடைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். நல்ல திட்டம், அந்த ஆய்வும் தேவையானதே. ஆனால் சராசரி என்பது பஸ் ஏறியவர்களின் கணக்கு. கல்வராயன் மலையில், பஸ் நிற்கும் ரோட்டுக்கு வரவே காட்டுப் பாதையில் நடக்க வேண்டிய பெண்ணுக்கு மிச்சம் எத்தனை? டவுன் பஸ்ஸே போகாத ஊருக்கு? அந்தக் கேள்வியைக் கேள்வித்தாளில் எழுத, அந்தப் பாதையில் ஒரு தடவையாவது நடந்த ஆள் வேண்டும்.

மலையைப் பற்றி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்து 1976-இல்தான் அது அரசாங்கத்திடம் வந்தது. சமவெளியில் நிலச் சீர்திருத்தம், ஐந்தாண்டுத் திட்டம் என்று பேசி முடித்த பிறகுதான் அங்கே கணக்கே தொடங்கியது. இன்றும் மலையாளிப் பழங்குடி வீட்டில் போய், படிவத்தை நீட்டி "உங்க மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. கடுக்காயும் புளியும் பருவத்துக்கு விற்று, மற்ற மாதங்களில் வெளி மாநிலத்துக்குக் கூலிக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அவர்கள் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். வந்தவர் எழுதிக்கொள்வார். அந்த எண் மேலே போய் அட்டவணையாகும், அட்டவணை திட்டமாகும். "போன தைக்கு என்ன வித்தீங்க, யார்கிட்ட வித்தீங்க, வீட்டுல யாரு இப்ப ஊர்ல இல்ல?" என்று கேட்டால் கதையே வேறு. இப்படிக் கேட்கத் தெரிந்தவர் தலைமையில் இருந்தால், கீழே படிவம் தூக்கிக்கொண்டு நடக்கிற பையன் கையிலும் இந்தக் கேள்வி இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். போக முடியும், அம்மா. எம்.ஏ. முடித்ததும் யாராவது ஒரு கணக்கெடுப்பில் களப்பணியாளராகச் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் உங்களுக்கு அந்த மலையைவிடப் பெரிய ஆய்வுக்களம் வேண்டாம். மலையிலேயே பிறந்து, படித்து, அந்த மொழி வழக்கில் கேள்வி கேட்கிற ஒருவர் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த நாளின் சிறப்பிதழுக்கு இப்போதே பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊருக்கு எப்போதாவது ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேள்வி கேட்டிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். சின்னசேலமாக இருந்தாலும் சரி, மலையில் கடைசி ஊராக இருந்தாலும் சரி. என்ன கேட்டார்கள், எத்தனை நேரம் இருந்தார்கள், நீங்கள் சொன்ன பதிலை எழுதினார்களா, முடித்த அறிக்கையைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினார்களா? எழுத நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புங்கள், நாங்கள் எழுத்தாக்கிக்கொள்கிறோம். மக்காச்சோளம் விற்று முடித்த பிறகு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்