சுக்கு வெந்நீரும் கூலிக் கணக்கும்

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். தலையங்கத்தில் எழுத வேறு செய்தியே கிடைக்கவில்லையா என்று கேட்கவும் கூடும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் படும் வயிற்றுவலியையும் இடுப்புவலியையும் பற்றியும், அது தணிய என்ன உண்பது, என்ன பருகுவது என்பதைப் பற்றியும்தான் எழுதுகிறோம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பொழுது விடியுமுன் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகும் பெண்கள் ஆயிரம் ஆயிரமாக இருக்கிறார்கள். அவர்கள் மாதந்தோறும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும் வலி நாட்டுக்குச் செய்தியில்லை என்றால், வேறு எதுதான் செய்தி?

நம் பக்கத்து வழக்கத்தைப் பாருங்கள். பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்றதும் வீடே அவள் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறது. உளுந்தங்களி கிண்டுகிறார்கள். கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, "இடுப்புக்குப் பலம், சாப்பிடு தாயி" என்று ஊட்டுகிறார்கள். நாட்டுக்கோழி முட்டை வருகிறது. தாய்மாமன் சீர் வருகிறது. தெருவே கூடுகிறது.

சடங்கு முடிந்த பிறகு? அடுத்த மாதமும் அதே இடுப்புதான், அதே வலிதான். ஆனால் களி இல்லை, முட்டை இல்லை, கேட்பாரும் இல்லை. "தூரம்" என்ற ஒரு சொல்லோடு சரி. ஊறுகாய்ச் சாடியைத் தொடாதே, அடுப்படிக்கு வராதே என்கிறார்கள். வீட்டில் அவள் தொட்டால் தீட்டு. ஆலையிலோ, அதே நாளில் அவள் பின்னிய சரவெடிக்கும் அவள் அடைத்த தீப்பெட்டிக்கும் தீட்டு இல்லை! அவை எந்தத் தடையும் இல்லாமல் இந்தியா முழுவதும் போய் விலையாகின்றன. கூலி வேலைக்குத் தீண்டலாம், ஒரு வாய்ச் சோற்றுக்குத் தீண்டக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

வலி ஏன் வருகிறது என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கருப்பை தன் உட்சவ்வை வெளியேற்றும்போது பிராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து தசையை இறுக்குகிறது. அந்த இறுக்கமே வலி. இதில் பாவமும் இல்லை, தீட்டும் இல்லை.

இறுகிய தசை சூட்டில் இளகும். அடிவயிற்றிலும் இடுப்பிலும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்ன நம் பாட்டிமார் அறியாமல் சொல்லவில்லை. அடிவயிற்றில் தொடர்ந்து இளஞ்சூடு வைத்தால் ஐபுபுரூஃபன் மாத்திரை தரும் அளவுக்கு வலி தணிகிறது என்று 2001-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று காட்டியது. சுக்குக்கும் வலியைத் தணிக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு என்று ஆய்வுகள் பல சொல்கின்றன. வெந்தயத்தைப் பற்றியும் நல்ல சொல் உண்டு. சான்று மட்டும் குறைவு. எழுந்து கொஞ்சம் நடப்பதும் நல்லதே.

ஆனால் வலியைத் தணிப்பது வேறு, போன இரத்தத்தை ஈடு செய்வது வேறு. உளுந்தங்களி வலிக்கு மருந்து அன்று. அது உடம்புக்கு ஊட்டம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! இரத்தம் ஊற வேண்டுமானால் கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் வேண்டும், முட்டை வேண்டும், முடிந்தால் ஈரலோ சுவரொட்டியோ வேண்டும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ வேண்டும். சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். நம் தாய்மார்களோ வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் டீ, மதியம் சோற்றுக்கு மேல் இன்னொரு கிளாஸ் டீ என்று பொழுதை ஓட்டுகிறார்கள். "சூடு" என்று சொல்லி முட்டையையும் எள்ளையும் அந்த நாட்களில் ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரத்தம் போகிற நேரத்தில் இரத்தம் ஊறும் உணவைத் தடுப்பது எவ்வளவு பெரிய மடமை!

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு தீப்பெட்டி ஆலைத் தாய் நம்மைக் கேட்பார்: "ஐயா, சுக்கு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைத் தட்டிப் போட்டுக் குடிக்க நேரம் எங்கே இருக்கிறது?"

அங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், கை ஓய்ந்த நிமிடம் காசு ஓய்ந்த நிமிடம். ஒத்தடம் கொடுக்க அரை மணி உட்கார்ந்தால் அன்றைய கூலியில் துண்டு விழுகிறது. கழிப்பிடம் தொலைவில் இருந்தால் போகாமல் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரையே குறைக்கிறார்கள். பட்டாசு ஆலைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. உயிர் காக்கும் விதி அது, அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் மருந்து அறைகளிலிருந்து விலகிய இடத்தில் உணவுக்கூடம் இருந்தால், அங்கே வெந்நீர் இருக்கக் கூடாதா? வெடிமருந்து ஒட்டிய கையோடு சோற்றைப் பிசையாதபடி கை கழுவச் சோப்பும் தண்ணீரும் இருக்கக் கூடாதா?

ஓய்வும் வெந்நீரும் கிடைக்காத இடத்தில் மாத்திரை வந்து நிற்கிறது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நம் மாநிலத்து ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி வெளியிட்ட செய்தியை மறந்துவிட முடியாது. மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் ஆலையிலேயே கொடுக்கப்பட்டன என்பது அந்தச் செய்தி. வலிக்கு மாத்திரை போடுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்றவை மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகள்தாம். உணவுக்குப் பின் போட வேண்டியவை அவை. குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இழுப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாதவை. பெயர் தெரியாத மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கச் செய்து வேலை வாங்குவது மருத்துவமா? வேலை நிற்காமல் இருக்கச் செய்யும் தந்திரம் அது.

அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. வேலைக்கு வராத நாளுக்குத் தண்டம் கட்ட வேண்டிய கரும்பு வெட்டும் பெண்கள், இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கருப்பையையே எடுத்துவிட்ட செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. அரசு அமைத்த குழு 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் என்று தெரிய வந்தது. ஒரு நாள் ஓய்வு மறுக்கப்பட்டதற்குக் கொடுத்த விலை இது!

நோய்க்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, உண்மைதான். ஆனால் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் வழி வந்த விதி, நோய் விடுப்பின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகப் பணம் இல்லை என்று வைத்தது. மாதவிலக்கு வலி கடுமையாக இருப்பதே முதல் இரண்டு நாள்! வேலி சரியாக அந்த இடத்தில் திறந்து கிடக்கிறது.

விடுப்புக் கொடுத்தால் பெண்களை வேலைக்கே சேர்க்க மாட்டார்கள் என்ற அச்சத்தை உச்சநீதிமன்றமே 2024 சூலையில் சொன்னது. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் பெண்களின் விரலை நம்பியே வளர்ந்த தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அவர்களை விட்டுவிட்டு யாரைத் தேடிப் போகும்? பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் என்று 1992-லேயே கொடுத்தது. அதனால் அலுவலகங்கள் இடிந்து விழவில்லை. ஆலைப் பெண்களையும் சேர்த்து மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு என்று கருநாடக அரசு 2025-இல் அறிவித்தது. அண்டை வீட்டுக்கு முடிவது நமக்கு முடியாதா?

ஆகவே கேட்கிறோம். மாதம் ஒரு நாள், கூலி குறையாத ஓய்வு வேண்டும். அது வரும் வரை காத்திராமல் நாளையே செய்யக்கூடியவையும் உண்டு: எட்டும் தொலைவில் தண்ணீரோடு கூடிய கழிப்பிடம், உணவுக்கூடத்தில் வெந்நீரும் சுக்கும், படுக்க ஒரு பாய், பெயர்ச்சீட்டுள்ள மருந்தும் அதைக் கொடுக்கத் தெரிந்த ஒரு செவிலியும். ஆலை முதலாளிகளுக்கு இது பெருஞ்செலவா? ஒரு தீபாவளிக்கு விடும் விளம்பரச் செலவில் ஒரு துளி!

தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலும், மணிக்கு ஒரு துணி நனைந்தாலும், காய்ச்சலோடு வலி வந்தாலும், மாதத்துக்கு மாதம் வலி கூடிக்கொண்டே போனாலும் சுக்கோடு நிற்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "பொம்பளைக்கு இது சகஜம்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் கேளாதீர்கள்.

1903-இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து 1956-இல் பள்ளியில் சோறு போட வழி செய்தார். வலிக்கும் உடம்புக்கு வேலை ஓடாது என்பதை உணர அந்த மாவட்டத்துக்கு இன்னும் எத்தனை காலம் வேண்டும்? வயதுக்கு வந்த நாளில் ஊட்டிய அந்தக் களியின் அக்கறை, அவள் உழைக்கும் காலம் முழுவதும் தொடரட்டும் என்கிறோம்.