புயல்மீது பழி போடாதீர்கள்

1963 மார்ச்சில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே 'பேர்' என்ற பழைய மரக்கப்பல் மூழ்கியது. புயல் கொண்டுபோய்விட்டது என்றுதான் எழுதுகிறார்கள். தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவி ஒருவரின் மகனான எனக்கு அதில் சம்மதமில்லை.

1874-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், பனிக்கடலில் சீல் வேட்டைக்கென்றே கட்டிய நீராவிக் கப்பல் அது. ஆர்க்டிக்கில் ஆய்வுக்குப் போய்ப் பட்டினி கிடந்த அமெரிக்கர் கிரீலியின் குழுவை 1884-இல் மீட்ட கப்பல்களில் இதுவும் ஒன்று. 25 பேர் போன குழுவில் 6 பேர்தான் உயிரோடு ஊர் திரும்பினார்கள். பிறகு நாற்பது வருஷம் அலாஸ்காக் கரையில் ரோந்து. 1930-களில் துருவ ஆய்வாளர் அட்மிரல் பேர்டோடு அண்டார்டிகா. இரண்டாம் உலகப் போரில், எழுபது வயதை நெருங்கிய நிலையில் கிரீன்லாந்துக் காவல். இரண்டு துருவத்துப் பனியும் நெரித்துப் பார்த்த உடம்பு!

1948-இல் அதை விற்றார்கள். மறுபடி சீல் வேட்டைக்கு அனுப்பும் திட்டம் கைவிடப்பட, ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் பதினைந்து வருஷம் சும்மா கிடந்தது. மரக்கலம் உளுத்துப்போவதில் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் பெரிய பகை. தளத்தில் தேங்கி, பாய்மரத்தின் அடி வழியாக இறங்கி, உள்ளுக்குள்ளேயே உளுக்க வைக்கும். தண்ணீருக்கு மேலே நிற்கும் பலகையோ காய்ந்து சுருங்கும், இடுக்கு விரியும். அதனால்தான் அப்பா சும்மா நிற்கும் தோணிக்கும் கலப்பத்து பார்ப்பார். பஞ்சுத் திரியை உளி வைத்து இடுக்கில் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். ஓடாத தோணிக்குத்தான் கூடுதல் கவனம் என்பார்.

ஃபிலடெல்ஃபியாவில் மிதக்கும் உணவகமாக்கப் போவதாகச் சொல்லி, அந்தக் கிழக்கப்பலை மார்ச் மாதத்து வட அட்லாண்டிக்கில் இழுத்துப் போனார்கள். கொந்தளிப்பில் இழுவைக் கயிறு அறுந்தது. பாய்மரம் சாய்ந்து கப்பலின் உடலைத் துளைத்தது. அதிலிருந்த இருவரையும் காப்பாற்றிவிட்டார்கள். பனிக்கட்டி மோதியும் உடையாத உடலைச் சொந்தப் பாய்மரமே ஓட்டை போட்டது என்றால், கோளாறு கரையில் கிடந்த அந்தப் பதினைந்து வருஷத்தில்தான் என்பது என் தீர்மானமான கருத்து. வசந்தம் தாண்டிக் காற்று அடங்கும்வரை காத்திருக்கவாவது செய்திருக்கலாம்.

2021-இல் அதன் சிதைவைக் கடலடியில் அடையாளம் கண்டதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நல்ல வேலை. அந்த அக்கறையில் பாதி 1948-இல் இருந்திருந்தால், இன்று அதன் தளத்தில் ஏறி நடக்கலாம்.

தூத்துக்குடித் தோணி ஒன்றையாவது காட்சிக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்பவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்குமுன் சொல்லுங்கள்: வருஷா வருஷம் கலப்பத்துக்குப் பணம் யார் தருவது? உளி பிடிக்க எந்த ஓடாவியை வேலைக்கு வைக்கப் போகிறோம்?